கல்லைச் சுற்றிய உழவு

1

இந்தக் கதை ஓர் அரிவாளில் தொடங்கியது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் வாடகையில் தொடங்கியது. பொருட்கிடங்கில் பார்த்த இரவுப் பணியை விட்டேன், அறையைக் காலி செய்தேன், சித்தப்பா வீட்டுக்கு வந்தேன். பகல் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் திரிந்த என்னைப் பார்க்கச் சகிக்காமல், கொட்டகையை ஒழிக்கச் சொன்னார் சித்தப்பா. அவருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. நிலத்தைக் குத்தகைக்கு விடப்போகிறார்.

துருப்பிடித்த சாமான்களுக்கு அடியில் அரிவாள் கிடந்தது.

எனக்கு இடது கைப் பழக்கம். அறுப்பு அரிவாள்களின் பற்கள் வலது கைக்காரர்களுக்காகச் சாய்த்து வெட்டப்பட்டவை. என் கையில் அவை வழுக்கும். இதைத் தேய்த்துவிட்டுப் புல்லில் வைத்தேன். கடித்தது. சித்தப்பா வாங்கித் தன் வலது கையால் இழுத்துப் பார்த்தார். வழுக்கியது. பிடி குட்டை. என் சுண்டுவிரலுக்கு அதில் இடமில்லை. யாரோ ஒரு சின்னக் கைக்கு, இடது கைக்கு, சொல்லிச் செய்த அரிவாள்.

"நம்ம வீட்ல வேற யாரு இடது கை?"

"நீ ஒருத்தன் பத்தாதா?" என்றார் சித்தப்பா.

உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த அத்தை, சித்தப்பாவின் அக்கா, தலை தூக்காமல் சொன்னார்: "அது அக்காவோடது."

"எந்த அக்கா?"

"எனக்கென்ன தெரியும்? தாத்தா அப்படித்தான் சொன்னாரு."

2

மொத்த ஆதாரமும் இவ்வளவுதான். அத்தை சிறுமியாக இருந்தபோது அந்த அரிவாளை எடுத்து விளையாடியிருக்கிறார். அவருடைய தாத்தா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, பிடுங்கி மேலே செருகிவிட்டு, "அக்காவோடது, தொடாதே" என்றாராம். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். கணக்குப் போட்டால், அவருடைய அக்கா பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே முடிந்துபோனவள். பிடியின் அளவை நம்பினால், பன்னிரண்டு வயது இருக்கலாம்.*

பல் போன கிழவர். அவருக்கு அக்கா ஒரு சிறுமி. தன் பேத்தி உயரம்கூட இருந்திருக்க மாட்டாள். அக்கா என்றே சொல்லியிருக்கிறார்.

இந்தப் பத்தியோடு கதையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரியவில்லை.

* இந்த வயதை நான்தான் கொடுத்தேன். அத்தைக்குப் பத்து போதும். சித்தப்பா, "அந்தக் காலத்துல பத்து வயசுன்னா இப்போ இருபது. உன்னைவிடப் பொறுப்பா இருந்திருப்பா" என்றார்.

3

தொடக்கங்கள்:

அவள் கதிர்களின் நடுவே நின்றாள். காற்று அவள்—

(காற்று வேண்டாம். கதை வராதபோதெல்லாம் எழுதுகிறவர்கள் காற்றைக் கூப்பிடுகிறார்கள்.)

அறுப்பு வரிசையில் எல்லோரும் வலமிருந்து வெட்டிக்கொண்டு போக, அவள் ஒருத்தி மட்டும் இடமிருந்து வந்ததால் பக்கத்தில் நின்றவளின் கையில்—

(இது நடந்திருக்கக்கூடியது. இடது கைக்காரனை வரிசையின் ஓரத்தில் தள்ளுவார்கள். கிடங்கில் என்னையும் பெட்டி நகரும் பட்டையின் கடைசியில்தான் நிறுத்தினார்கள். ஆனால் இது என் கதை. அவளுடையது இல்லை.)

அவள் அழுதாள்.

இதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன்.

"அவ அழுதான்னு உனக்கு யாருடா சொன்னா?"

"கதை, அத்தை."

"கதைன்னா? செத்தவ வந்து கேக்க மாட்டான்னு இஷ்டத்துக்கு அழ விடுவியா?"

அழித்துவிட்டேன். எப்படிச் செத்தாள் என்பதிலும் இதே தகராறுதான். "காய்ச்சல்னு போடு, யாருக்கும் கெட்ட பேரு வராது" என்றார் அத்தை. "பாம்புன்னு போடு, படிக்கிறவன் தூங்க மாட்டான்" என்றார் சித்தப்பா. நான் கிணறு என்று எழுதிவைத்திருந்தேன். அவர்களிடம் சொல்லவில்லை.

4

(இந்தப் பகுதியை எழுதாமல் விட்டிருக்கிறேன். அவளைப் பேசவைத்த பக்கங்கள் இங்கே இருந்தன. நன்றாகப் பேசினாள். என்னைப் போலவே பேசினாள்.)

5

இனி கல்.

எங்கள் நிலத்தின் நடுவில், கட்டில் போடும் அளவுக்கு ஓர் இடம் உழப்படாமல் கிடக்கிறது. களை மண்டிக் கிடக்கும். ஏர் அங்கே வந்ததும் வளைந்து போகும், தாண்டியதும் நேராகும். அடியில் பெரிய பாறை என்பார்கள். வீட்டில் யாரும் கிழக்கு மேற்கு சொல்வதில்லை. கல்லுக்கு அந்தப் பக்கம், கல்லுக்கு இந்தப் பக்கம். "கல்லுக்கிட்ட மம்மட்டியை வெச்சுட்டு வந்துட்டேன்." நானும் பிறந்ததிலிருந்து கேட்டவன்தான்.

குத்தகைக்காரர் வந்து பார்த்தார். சொட்டுநீர்க் குழாய்களை நேர்க்கோட்டில் போடுகிறவர். "நடுவுல இந்த மேடு இருந்தா எனக்கு வேணாங்க. கல்லை எடுத்துட்டு, ஒரே மட்டமா உழுது குடுத்தா எடுத்துக்கறேன்."

கல்லின் அளவைப் பார்க்கச் சித்தப்பாவும் நானும் கடப்பாரையோடு போனோம். சித்தப்பா ஓங்கிக் குத்தினார். கை அதிர்வதற்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் குத்தினார். கடப்பாரை வழுக்கிக்கொண்டு பாதிக்கு மேல் உள்ளே போனது. அவர் தடுமாறி என்மேல் விழுந்தார். தள்ளிக் குத்தினார். போனது. நான்கு மூலையிலும் குத்தினோம். நிலத்திலேயே நல்ல மண் அங்கேதான் இருந்தது.

சித்தப்பா கடப்பாரையில் ஒட்டிய மண்ணை விரலால் வழித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கல்லு எங்கடா?"

6

இப்போது நான் செய்யப்போவது யோக்கியமான வேலை இல்லை. அரிவாளையும் கல்லையும் சேர்த்துக் கட்டப்போகிறேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

அக்கா சாகிறாள். அங்கேதான் புதைக்கிறார்கள், அல்லது அங்கேதான் விழுந்தாள், அல்லது தம்பிக்குச் சோறு பிசைந்து கொடுக்க அங்கேதான் உட்காருவாள். தம்பி வளர்ந்து ஏர் பிடிக்கிறான். அந்த இடம் வந்ததும் மாட்டை வளைக்கிறான். பின்னால் வந்த மகன் ஏன் என்று கேட்கிறான். மீசை வைத்த ஆள், மகன் முன்னால் என்ன சொல்வார்? கல் இருக்கிறது என்கிறார். மகன் வளைக்கிறான். மாடுகள் தாமாகவே வளைகின்றன. டிராக்டர் வருகிறது, அதுவும் வளைகிறது.

"கல்லுன்னு ஏன் பொய் சொல்லணும்?" என்று கேட்டார் அத்தை.

"அக்கான்னு சொன்னா குரல் உடைஞ்சிருக்கும்."

அத்தை அரிவாளின் பிடியைத் தடவிப் பார்த்தார். பிறகு, "இதை வேணா வெச்சுக்கோ" என்றார்.

அவளைத் தேடி நான் வேறெங்கும் போகவில்லை. போக இடம் இல்லை. ஒரு வளைவு, ஓர் அரிவாள். நூறு வருஷத்துக்கு மேல் இந்த வீட்டு ஆண்கள் யாரென்று தெரியாமலே அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். எனக்கு அப்படி யாரும் ஒதுங்கியதில்லை. பொறாமையாக இருக்கிறது. செத்துப்போன சிறுமிமேல் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவளுடைய முகம் எனக்கு வேண்டாம். ஒரே ஒரு நாள், அந்த இடது கை வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று—

7

"கல்லும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நாளைக்கு நேரா உழுறேன்" என்றார் சித்தப்பா. குத்தகை கைவிட்டுப்போனால் இந்த வருஷமும் அவர்தான் அந்த முழங்கால்களோடு இறங்க வேண்டும். அத்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். யாரும் மறுக்கவில்லை.

காலையில் எதிர் வரப்பில் குச்சி நட்டு, அதில் சிவப்புத் துண்டைக் கட்டினார். அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினால் கோடு நேராக வரும். அத்தை வரப்பில் வந்து உட்கார்ந்தார்.

டிராக்டர் நேராகப் போனது. அந்த இடம் வந்தது. வளைந்தது. தாண்டியதும் நேரானது.

"என்னடா இது?" சித்தப்பா திரும்பி வந்து மறுபடி குறி பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். வளைந்தது.

"ஸ்டீயரிங்ல ஏதோ கோளாறு."

"கோளாறு ஸ்டீயரிங்லயா?" என்றார் அத்தை.

"நீ சும்மா இரு, அக்கா."

சொல்லிவிட்டு, வரப்பில் இருந்த தன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெல்ல இறங்கினார். "காலு வலிக்குது. நீ ஓட்டு."

"நானா?"

"நீதான். நீ இந்த மண்ணை உழுததே இல்லையே. உன் கைக்கு இந்தப் பழக்கம் கிடையாது."

8

ஏறி உட்கார்ந்திருக்கிறேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. சிவப்புத் துண்டு தெரிகிறது. சித்தப்பா வரப்பில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். வளைத்தால், சித்தப்பாவின் முழங்கால்கள் இன்னும் ஒரு வருஷம் சேற்றில் இறங்கும். ஆள் இல்லாத இடத்துக்காக ஆள் ஒருவரை வதைத்தவன் ஆவேன். நேராகப் போனால் ஒன்றும் ஆகாது. எலும்பு எதுவும் கிடைக்காது என்றே நினைக்கிறேன். மண் புரளும், கோடு நேராகும். கல்லுக்கு அந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு பக்கம் இருக்காது. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்னை இங்கேயே உட்காரவைத்திருக்கிறது.

சித்தப்பா கணக்கு தப்பு. என் கைக்கும் பழக்கமாகிவிட்டது. இந்தக் கதையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அவள் இருக்கும் இடம் வந்ததும் ஒவ்வொரு வாக்கியமும் பாதியில் ஒரு கோடு கிழித்துவிட்டு ஒதுங்கிப் போகிறது.

ஆகவே நான் இறங்கிக்கொள்கிறேன். நீங்கள் ஏறுங்கள். உங்களுக்கு அவள் அக்காவும் இல்லை, யாரும் இல்லை. சிவப்புத் துண்டைப் பாருங்கள். இடது கையால் பிடித்தாலும் சரி, வலது கையால் பிடித்தாலும் சரி. அதோ, களை ஆடுகிற இடம் வந்துகொண்டிருக்கிறது.

அக்காவும் தம்பியும் வரப்பிலிருந்து உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.