பக்கத்து இருக்கையின் பிரேக்

"மாமா, அக்கா பக்கத்து பிரேக் எப்படித் தேய்ஞ்சிருந்துச்சு?"

மச்சினன் தலை நிமிராமல் கேட்டான். அவன் கையில் ஒரு கார் இருந்தது. ஒரு சாண் நீளம்கூட இல்லை. கூரை தனியாக ஒரு சோப்பு டப்பாவில் கிடந்தது.

"எந்த பிரேக்?"

"அவ காலுக்குக் கீழ இருந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில ரெண்டு பக்கமும் இருக்குமில்ல."

இருக்கும். என் மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஏழு ஆண்டுகள் கற்றுக்கொடுத்தாள். கற்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். இவள் பக்கத்து இருக்கையில் இருப்பாள். இவளுக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். நானும் அவளிடம்தான் கற்றேன். எங்கள் பழக்கம் தொடங்கியது அந்த வண்டியில்தான்.

"தெரியாது" என்றேன்.

"அஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கீங்க."

"வண்டியில நான் ரோட்டைப் பார்த்தேன். காலைப் பார்த்தா திட்டுவா."

அவன் சிரித்தான். பிறகு காரை மேசையில் வைத்துவிட்டு, சிரிக்காமல் சொன்னான்: "அது தெரியாம கூரையை ஒட்ட மாட்டேன்."

அவள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. பதினொரு நாள் காய்ச்சல். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. மச்சினன் ஞாயிறுதோறும் இந்தக் காரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறான். அவன் அறையில் வெளிச்சம் போதவில்லையாம். அவன் அறைக்கு இரண்டு ஜன்னல்கள் உண்டு. என்னைத் தனியாக விடாதே என்று அவன் அம்மா அனுப்புகிறார். அவன் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரிப்பான். நான் எதிரில் உட்காருவேன். இந்த ஒன்பது மாதத்தில் நான் கவனம் சிதறாமல் பார்த்தது அவன் கைகளை மட்டும்தான்.

பொய்ப்பல் செய்யும் லேபில் அவனுக்கு வேலை. நண்பர்கள் 'பல்லு' என்று கூப்பிடுவார்கள். அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவாள், நானும் அப்படித்தான். ஆறடி உயரம். விரல்கள் ஒவ்வொன்றும் வெண்டைக்காய் மாதிரி நீளம். அந்த விரல்களால் அரிசி முனையளவு பொருளை எடுத்து, நடுங்காமல், வேண்டிய இடத்தில் வைப்பான்.

கார் பெட்டியில் வந்தபோது வெறும் பிளாஸ்டிக் துண்டுகள். அசலில் இருபத்து நாலில் ஒரு பங்கு. யார் வாங்கினாலும் அதே வெள்ளைக் கார்தான் வரும். பல்லு அதைப் பயிற்சிப் பள்ளி வண்டியாக மாற்றிக்கொண்டிருந்தான். அசல் வண்டி அவள் போன அடுத்த மாதமே பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதற்கு முந்தின நாள் இவன் போய் நாற்பது புகைப்படம் எடுத்திருந்தான். பள்ளி முதலாளியம்மா, செய்து கொடுத்தால் முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

சீட் உறைக்கு முதலில் நான் ஒரு துணி கொடுத்தேன். அவளுடைய துப்பட்டா. வெட்டிக்கொள் என்றேன். அவன் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"நிஜத் துணி ஆகாது மாமா. இதுல வெச்சா சாக்கு மாதிரி தெரியும். இழையும் இருபத்து நாலு மடங்கு சின்னதாகணும்ல."

டிஷ்யூ காகிதத்தைப் பசைத் தண்ணீரில் நனைத்துச் சீட்டின் மேல் போர்த்தினான். ஈரமாக இருக்கும்போதே ஊசியால் சுருக்கங்கள் இழுத்தான். காய்ந்ததும் வண்ணம் பூசினான். அது துணியாகிவிட்டது. பக்கத்தில் உண்மையான துணியை வைத்துப் பார்த்தேன். உண்மையான துணிதான் போலியாகத் தெரிந்தது.

தூசியும் அப்படித்தான். என் ஜன்னலில் வேண்டிய மட்டும் தூசி இருந்தது. அவன் தொடவில்லை. நிஜத் தூசி அந்த அளவுக்கு ஜல்லிக் கல்லாம். சாக்பீஸை உரசி, உரசியதை மறுபடி அரைத்து, பூனைமுடி பிரஷ்ஷால், காருக்குள் கால் வைக்கும் ரப்பர் மிதியடியின் ஓரங்களில் மட்டும் தடவினான். மாத்திரை அட்டையின் தகட்டில் சீட் பெல்ட் கொக்கி வெட்டினான். பம்பரின் பின்பக்கத்தைப் பல் ராவும் கருவியால் காகிதம்போல மெலிதாக்கி, சூடு காட்டி, உருண்டை முனையால் அழுத்தி நெளித்தான். ஸ்டியரிங்கில் இரண்டே இடத்தில் மட்டும் பளபளப்பு ஏற்றினான், கடிகாரத்தில் பத்தும் இரண்டும் இருக்கும் இடங்களில்.

"பயந்தவன் எல்லாம் அங்கதான் கெட்டியாப் பிடிப்பான்" என்றான். "வழவழன்னு ஆயிடும்."

நான் பொறியியல் படித்தவன். ஓர் ஆணி நேராக அடிக்கத் தெரியாது. இவன் எதைச் செய்தாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"எல்லாரும் புதுசாத்தானே பண்ணுவாங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"லேப்ல நாங்க பல்லுலகூட கொஞ்சம் கறை வைப்போம் மாமா. புத்தம் புதுசா இருந்தாத்தான் பொய்ப்பல்லுன்னு காட்டிக் கொடுக்கும். எழுபது வயசுக்காரருக்கு எழுபது வருஷம் சாப்பிட்ட பல்லு வேணும்."

இந்த ஞாயிற்றுக்கிழமை சிக்கியது பிரேக்கில். நாற்பது படத்திலும் அவள் கால் வைக்கும் பள்ளம் வெறும் கறுப்பாக விழுந்திருந்தது. அவன் ஊகத்தில் ஒரு பெடலைச் செய்து மாட்டியிருந்தான். இரண்டரை மில்லிமீட்டர் அகலம். ரப்பரில் ஆறு வரிகள். நடு வரிகள் மழுங்கி, ஒரு மூலையில் ரப்பர் கிழிந்து, உள்ளேயிருந்த இரும்பு மினுங்கியது. வேறெங்கும் இவ்வளவு பாடுபட்டு அவன் தேய்க்கவில்லை. எனக்கு அது போதும் என்று தோன்றியது.

"எனக்கு அவ அந்த பிரேக்கை அழுத்தினதே இல்ல" என்றேன். "இருபத்தொரு பாடம். ஒரு தடவைகூட இல்ல."

"கேட்டாச்சு மாமா. கல்யாணத்துலயே நாலு பேர்கிட்ட சொன்னீங்க."

உண்மைதான். போகிற இடமெல்லாம் சொல்வேன். அவளும் பக்கத்தில் நின்று, "ஆமா, இவருக்கு நான் பிரேக்கே போட்டதில்ல" என்று சிரிப்பாள். என்னிடம் பெருமைப்பட இருந்தது அது ஒன்றுதான்.

"மத்தவங்களுக்கு அழுத்தியிருப்பாள்ல" என்றான் பல்லு. "அதான் தேய்ச்சேன். ஆனா எந்த மூலை, எவ்வளவுன்னு தெரியலை. ஸ்கூல் வண்டி பார்க்குற மெக்கானிக் அண்ணனைக் கேட்டா தெரியும். வாங்க."

"நீ போயிட்டு வா."

"இந்தக் காரை யாரு பிடிச்சுக்கிறது? ஸ்கூட்டர்ல நான் ஒரு கையிலயா ஓட்டுவேன்?"

போனேன். காரை ஒரு டப்பாவில் பஞ்சு வைத்து, பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோல மடியில் பிடித்துக்கொண்டேன்.

அந்த மெக்கானிக்தான் பள்ளி வண்டிகளுக்கெல்லாம் இரட்டைப் பெடல் பொருத்துபவர். பட்டறைக் கதவு பாதி இறக்கியிருந்தது. டப்பாவைத் திறந்ததும் அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவினார். துடைத்தார். திரும்பவும் கழுவினார். அதன்பிறகுதான் காரை வாங்கினார்.

"அடேங்கப்பா" என்றார். பிறகு பம்பர் நெளிசலை நகத்தால் தொடாமல் காட்டினார். "இது கத்துக்க வந்த ஒரு நர்சம்மா கேட்டுல இடிச்சது. நான்தான் தட்டி எடுத்தேன், முழுசா வரலை. இந்தக் கண்ணாடி ஆடும், நான் கம்பி சுத்திக் கொடுத்தேன். ஐயோ, கம்பியும் இருக்கு! தம்பி, நீ மனுஷன்தானா?"

பல்லுவுக்குக் காது சிவந்துவிட்டது.

"உள்ள பாருங்கண்ணே. டீச்சர் பக்கம்."

அவர் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது டீச்சர் வண்டி இல்லையே."

"ஏண்ணே?"

"வேலை பிரமாதம். நான் குறை சொல்லலை. ஆனா இது மத்த வாத்தியாருங்க வண்டி. அவங்களுக்கு நாலு மாசத்துக்கு ஒரு ரப்பர் மாத்துவேன். டீச்சருக்கு ஏழு வருஷமும் ஒரே ரப்பர். கடைசி நாள் கழட்டினப்பகூட வரி வரியா அப்படியே இருந்துச்சு."

"யாருக்குமே அழுத்தலையா?" இதைக் கேட்டது நான்.

"உயிர் போற சமயத்துல ரெண்டு மூணு தடவை அழுத்தியிருக்கலாம் சார். அதுக்கெல்லாம் ரப்பர் தேயாது."

"அந்த ரெண்டு மூணுல நீங்க இருக்க மாட்டீங்க மாமா" என்றான் பல்லு. "கவலைப்படாதீங்க."

என் ஆறாண்டுப் பெருமை ஒரு நிமிடத்தில் போனது. அவள் பிரேக் போடாதது எனக்கு மட்டும் இல்லை. எல்லோருக்கும்தான். அவள் பொய்யும் சொல்லவில்லை.

"ஆனா தேய்ஞ்சது ஒண்ணு உண்டு" என்றார் மெக்கானிக். "மிதியடி. குதிகால் இடத்துல ஓட்டையே விழுந்துடும். ரெண்டு தடவை மாத்தினேன். மூணாவது தடவை என்னன்னு கேட்டேன். உட்கார்ந்து காட்டினாங்க."

அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். வலது குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை மட்டும் தூக்கி நிறுத்தினார்.

"இப்படி. பிரேக்குக்கு மேல ஒரு நூல் இடைவெளி. தொடக்கூடாது. தொட்டா படிக்கிறவனுக்குத் தெரிஞ்சிடும், பயந்துடுவான். எடுக்கவும் கூடாது. பாடம் முடியுற வரைக்கும் இப்படியே. வெச்சுப் பாருங்க சார்."

வைத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் கெண்டைக்கால் இழுத்தது. மூன்றாவது நிமிடத்தில் பாதம் தானாக இறங்கிவிட்டது. அவள் பாடம் ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு.

ராத்திரி காலைப் பிடித்துவிடச் சொல்வாள். நாள் முழுக்க உட்கார்ந்துதானே இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறேன்.

பல்லு காகிதம் எடுத்தான். "ஓட்டை சரியா எங்கண்ணே?"

"இங்கதான் எங்கயோ." மெக்கானிக் காற்றில் ஒரு வட்டம் போட்டார்.

"எங்கயோன்னு ஓட்டை போட முடியாதுண்ணே."

"யாரு தம்பி பார்க்கப் போறா? கூரையைப் போட்டா இருட்டு."

"அதுக்கில்லண்ணே. தப்பான இடத்துல இருந்தா அது வேற யாரோ உட்கார்ந்த சீட்டு."

மெக்கானிக் கண்ணை மூடி யோசித்தார். நினைவு வரவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். மிதியடிகள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. பல்லு காரை டப்பாவில் வைத்து மூடினான். அவன் முகத்தைப் பார்த்தேன். ஒன்பது மாதத்தில் அவன் கைகளைச் சும்மா மடியில் போட்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவனும் தன் அக்காவை இழந்தவன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் துணையாக இருந்ததில் அவனும் அதைச் சொல்லவில்லை.

"எங்க வண்டியில இருக்கும்" என்றேன்.

"என்ன?"

"நான் ஓட்டும்போது பக்கத்துல அப்படித்தான் உட்காருவா. காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு. 'இங்க பிரேக் இல்லம்மா'ன்னு கிண்டல் பண்ணுவேன்."

எங்கள் கார் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் உறை போட்டு நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகத் திரும்பிய நாளில் போட்ட உறை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் பின் இருக்கையில் படுத்திருந்தாள். முன் இருக்கையை அதன்பிறகு யாரும் தொடவில்லை. அவள் துணிகளைக் கொடுத்துவிட்டேன். புத்தகங்களைக் கொடுத்துவிட்டேன். அந்தக் கதவை மட்டும் திறக்கவில்லை.

திறந்தேன். உள்ளே அடைத்துக் கிடந்த காற்று வந்தது. அவள் வாசனை எதுவும் இல்லை. ரப்பர் வாசனைதான்.

பல்லு இடுக்கி அளவுகோலை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே ஏறினான். அவள் குள்ளம். சீட் முன்னால் தள்ளியிருந்தது. அவன் முழங்கால் இரண்டும் டேஷ்போர்டில் முட்டின. அவன் கை, பழக்கத்தில், சீட்டுக்கு அடியில் இருந்த நெம்புகோலைத் தேடியது.

"சீட்டைத் தொடாதடா!"

கீழ்த்தளம் முழுக்க எதிரொலித்தது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. என் குரல்தான் அது. அவன் மடித்த காலோடு அப்படியே உறைந்துவிட்டான். பிறகு அளவுகோலை வாயிலிருந்து எடுத்தான்.

"அப்பாடா" என்றான். "இப்பவாவது சத்தம் வருது உங்ககிட்ட."

"அதை நகர்த்தினா அளவு போயிடும்."

"போயிடும். நகர்த்தலை. ஆனா நான் எப்படி இறங்குறது? குள்ளச்சி, என்ன சீட்டு வெச்சிருக்கா பாருங்க."

அவனைப் பக்கவாட்டில் இழுத்து வெளியே எடுத்தேன். தலையை இடித்துக்கொண்டான். இருவரும் தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்தோம்.

மிதியடியில் அது இருந்தது. முட்டை வடிவத்தில் ஒரு குழி. நடுவில் ரப்பர் போய், அடித்துணி தெரிந்தது. அதற்கு மேலே, பாதம் படவேண்டிய இடத்தில், ஒரு தேய்மானமும் இல்லை. வரிகள் புதிதாக இருந்தன. பாதம் அங்கே இறங்கவே இல்லை. ஐந்து ஆண்டுகள் நானும் கவனித்து ஓட்டுபவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"முப்பத்தாறு மில்லி நீளம், இருபத்து நாலு அகலம்" என்றான் பல்லு. நான் எழுதிக்கொண்டேன். "சீட் கம்பியிலிருந்து முப்பத்தொண்ணு சென்டி."

"ஆனா இது வேற வண்டி."

"வண்டி வேற. கால் அதே காலுதானே."

மிதியடியை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவனும் வற்புறுத்தவில்லை. கதவைச் சாத்தினேன். உறையை மறுபடி போடவில்லை.

மேலே வந்து, பழைய பெடலை இடுக்கியால் பிடித்து ஒடித்து எடுத்தான். மூன்று வாரத்து வேலை. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. புதுப் பெடலுக்கு ஆறு வரிகளையும் முழுசாகச் செதுக்கினான். மிதியடிக்கு மிக நைசான உப்புத்தாள். ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் குழி. முதல் முறை கருவி ஆழமாகப் போய்விட்டது. தூக்கி எறிந்தான். இரண்டாவது சரியாக இருந்ததாக நான் நினைத்தேன். அவன் அதையும் எறிந்தான். குழியின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருக்கிறதாம், தேய்ந்ததுபோல இல்லையாம். மூன்றாவதைக் கருவியால் செய்யவில்லை. ஒரு தீக்குச்சியின் முனையை உருட்டிச் சீவி, அதே இடத்தில் மெதுவாக, மேலும் கீழும் இல்லாமல், ஊன்றி ஊன்றித் திருப்பினான். ஒரு மணி நேரம் ஆனது. அவள் எப்படித் தேய்த்தாளோ அப்படியே தேய்த்தான்.

பல் மருத்துவர்கள் வாய்க்குள் விடும் சிறிய கண்ணாடியை என்னிடம் நீட்டினான். உள்ளே விட்டுப் பார்த்தேன். புதுசாக ஒரு பிரேக். கீழே கடுகளவு பள்ளம். இரண்டுக்கும் இடையில் வெற்றிடம். அங்கே ஒரு கால் இருந்தது என்று எவனும் சொல்லிவிடுவான்.

"ஒட்டவா?" என்றான்.

"ஒட்டு."

நான்கு மூலையிலும் ஊசிமுனையளவு பசை வைத்தான். கூரையை இறக்கினான். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அதன் நடுவில் வைத்தான்.

"அழுத்தாதீங்க மாமா. எடுக்கவும் எடுக்காதீங்க. சும்மா வெச்சிருங்க."

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்றேன்."