சௌமஹல்லாவில் ஒரு மத்தியானம்

கண் டாக்டர் ரகுநாதனிடம் கையை விரித்துவிட்டார். போன பார்வை போனதுதான், மிச்சமும் வருஷக் கடைசி வரை நிற்காது என்றார். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் மல்காஜ்கிரி வீட்டுக்கு ஆட்டோ பிடிக்கப் போன மனைவியை ரகுநாதன் தடுத்தார்.

"சௌமஹல்லா போலாம் சகு. பொறந்து வளந்த ஊரு. நிஜாம் அரண்மனைய ஒரு நாள் எட்டிப் பாத்ததில்ல."

கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது ரொம்பக் கொஞ்சம். சகுந்தலா டிக்கெட் வாங்கி, அவர் முழங்கையைப் பிடித்து தர்பார் மண்டபத்துக்குள் கூட்டிப் போனாள். தலைக்கு மேலே வரிசையாகச் சரவிளக்குகள். அவர் அண்ணாந்தபடியே நின்றார்.

"வெள்ளையா புகை மாதிரி தெரியுது. எப்படியிருக்கு, நீ சொல்லேன்."

"பெருசா இருக்குங்க. எல்லாம் கண்ணாடி. நெறைய தொங்குது."

"அவ்வளவுதானா?"

அவள் மறுபடி மேலே பார்த்தாள். இனி உலகத்தில் உள்ளது அத்தனையும் தன் வாய் வழியாகத்தான் இவருக்குப் போய்ச் சேரவேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

தோட்டத்தில், நீரூற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்து, "அங்கிள், ஒக்க ஃபோட்டோ" என்று தெலுங்கில் கேட்டு, போனை நீட்டியது. சகுந்தலா கை நீட்டுமுன் அவர் வாங்கிவிட்டார். ஆசையாக எழுந்து நின்று நாலைந்து தடவை அழுத்தினார்.

அந்தப் பெண் படத்தைப் பார்த்துச் சிரித்தாள். "அங்கிள், அந்தா ஆகாசமே!" எல்லாப் படத்திலும் வெறும் வானம். விளையாடுகிறார் என்று நினைத்து வேறு யாரிடமோ போனார்கள்.

"நான் எடுத்துக் குடுத்துட்டு வரேங்க."

"நக்கோ, வேண்டாம். உக்காரு."

அந்த நேரம் பார்த்து பெங்களூரிலிருந்து மகள் ஹர்ஷிதா கூப்பிட்டாள். "அம்மா, டாக்டர் ஏமன்னாரு?"

ரகுநாதன் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று.

"சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. சரியாயிடும்னாங்க" என்று சொல்லிவிட்டு சகுந்தலா சட்டென்று போனை வைத்தாள்.

"இன்னும் மணிக்கூண்டு இருக்கு, பழைய காருங்க இருக்காம்..."

"போதும்." அவர் எழுந்தார். "வாசல் எந்தப் பக்கம்?"

வாசல் நேர் எதிரே, வெயிலில் திறந்து கிடந்தது.