மூன்றாவது தட்டு

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் என் நாற்காலி சுவரோரம் இருக்கும். அதனால் நான்தான் முதலில் உள்ளே போக வேண்டும். எனக்கு அடுத்து பல் டாக்டர், பிறகு நூல், பிறகு கடைக்காரர், கதவையொட்டி அண்ணன். அறையின் அகலம் அவ்வளவுதான். நடுவில் நான் வெளியே போக வேண்டுமென்றால் நான்கு பேரும் எழுந்து நிற்க வேண்டும். பதினெட்டு வருடங்களில் நான் நடுவில் எழுந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. மதியம் இரண்டு மணிக்கு ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிடுவார்கள். எழுத்துகள் கீழே போகப் போகச் சிறிதாகும் அந்த அட்டையைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் கடைக்காரர் திரையை மாட்டுவார்.

நூல் என்பது பட்டப்பெயர். ஆள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். பழைய விண்வெளிப் படங்களிலும் தொடர்களிலும் விண்கலங்கள் நைலான் நூலில் தொங்கும் பொம்மைகள். எந்தத் தொடரில் எந்த வாரம் நூல் தெரிந்தது என்று அவருக்கு மனப்பாடம்.

"நம்ம படத்தோட புதுப் பதிப்புல ஒரு நூல் கூட இல்லைங்க," அன்றும் அதில்தான் தொடங்கினார். "துடைச்சு எடுத்துட்டாங்க. கிரகத்தையும் மாத்திட்டாங்க. வாணலி மாதிரி இருந்த கிரகம், இப்ப கோலிக்குண்டு மாதிரி பளபளன்னு இருக்கு."

"விண்வெளியில நூல் எதுக்குங்க?" என்றார் பல் டாக்டர்.

"நூல் தெரிஞ்சாதான் மேல யாரோ பிடிச்சிருக்காங்கன்னு தெரியும். அது ஒரு தைரியம்."

"பாலிசி விக்கறப்பவும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"ஆமா. அதனாலதான் ஒண்ணும் போணி ஆகறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நூல்களைத் துடைத்தது நான். நூற்றுப் பன்னிரண்டு ஷாட்டுகள், ஏழு வாரம்.

பழைய படங்களைச் சுத்தம் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். கீறல், தூசி, பூஞ்சை. எந்தப் படம் கையில் இருக்கிறது என்று பெற்றவர்களிடம்கூடச் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கல்யாண வீடியோக்கள் என்று இங்கே சொல்லிவைத்திருக்கிறேன்.

படத்தின் பெயர் 'வெளிக்கதவு'. தியேட்டரில் ஒரு வாரம் ஓடியது. தொலைக்காட்சியில் ஒரே ஒரு முறை வந்தது. பிறகு முப்பது வருடம் எங்கும் வரவில்லை. கதை சின்னது. ஒரு விண்கலம். அதற்கு உள்கதவு ஒன்று, வெளிக்கதவு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் கலத்தின் மெக்கானிக் மாட்டிக்கொள்கிறான். வெளிக்கதவு சரியாக மூடவில்லை, காற்று போய்க்கொண்டிருக்கிறது. உள்கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஐந்து பேரும் செத்துப்போவார்கள். தலைவனின் கை நெம்புகோலில் இருக்கிறது. மெக்கானிக் கண்ணாடியில் தட்டுகிறான். தலைவன் திறக்கவில்லை.

அண்ணன் அதை டேப்பில் பதிவு செய்து வைத்திருந்தான். அந்த டேப்பில் மெக்கானிக் மூன்று முறை தட்டுகிறான். இந்த அறையில் எல்லோரும் வந்து சேர்ந்தது அதற்காகத்தான். அண்ணன் ஒரு காலத்தில் நான்கு பக்கம் எழுதிப் பிரதி எடுத்துக் கொடுத்தான். முதல் தட்டு, திற. இரண்டாவது, சீக்கிரம் திற. மூன்றாவது, பரவாயில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் பல் டாக்டர் முதன்முதலாகக் கடைக்கு வந்தார். வந்தவர் கண்ணாடி வாங்கவில்லை, அழுதார். மூன்றாவது தட்டுக்கு முன் திரையில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அது வெளியே யாரோ அனுப்பும் சிக்னல் என்பது நூலின் கட்சி. அது மெக்கானிக்கின் உயிர் என்பது கடைக்காரரின் கட்சி. பதினெட்டு வருடமாக வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வரவில்லை.

அண்ணன் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளன். அங்கே அவனை யாரும் கண்டுகொள்வதில்லை. இங்கே அவன் கேப்டன். "உங்க அண்ணனுக்கு ரெண்டு பொண்டாட்டி. ஒண்ணு நான், இன்னொண்ணு அந்த டேப்பு. அதுக்குத்தான் பீரோவுல பூட்டு," என்பார் அண்ணி.

புதுப் பதிப்பில் இரண்டு தட்டுகள்தான்.

வெளியான வாரமே, மூன்றாவது தட்டை வெட்டியதற்குக் கம்பெனி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கடிதம் தயாரானது. அண்ணனின் டேப் பிரதி கைமாறிப் போன ஊர்களையெல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தாவது கையெழுத்து என்னுடையது. பேனா என்னிடம் வந்தபோது நான்கு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அது வெள்ளிக்கிழமை.

"நாலாவது ரீல் உங்ககிட்டதானேம்மா இருந்துது?"

"ஆமா சார். நெகட்டிவ்ல ரெண்டு தட்டுதான் சார் இருக்கு."

"இப்ப ரெண்டுதான் இருக்கு. அதுதான் பிரச்சினை."

"வெட்டி ஒட்டின தழும்பே இல்லையே சார்."

"இருக்காது. உங்க கை சுத்தம்னுதானே உங்கள வச்சிருக்கோம்."

தொண்ணூற்றாறு பிரேம் எங்கே போனது என்று திங்கட்கிழமை பதினோரு மணிக்குள் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் பொறுப்பு நான்தான். நெகட்டிவில் கை வைத்தவள் என்று பெயர் வாங்கினால் வேலை போகும். வேறு லேபின் வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள்.

அந்தப் பிரேம்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும்.

எனக்கு ஒன்பது வயது. படம் ஓடிக்கொண்டிருந்தது, டேப் சுற்றிக்கொண்டிருந்தது. விளம்பரம் வந்தால், பதிவை நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனை அழுத்த வேண்டும். விளம்பரம் முடிந்ததும் அந்தச் சேனலில் விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து போடுவார்கள். அந்தத் துண்டு போகும்வரை பொறுத்து, பிறகு பட்டனை விட வேண்டும். இது அண்ணனின் சட்டம். அவன் ஒரு நாளும் தவறியதில்லை. அன்று மெக்கானிக் இரண்டாவது முறை தட்டியதும் விளம்பரம் வந்தது. அண்ணன் பாஸ் போட்டான். அதே நேரம் அப்பா வாசல் கதவைத் தட்டினார். அப்பாவைக் காக்க வைத்தால் உள்ளே வந்ததும் முதல் வேலையாக டிவியை நிறுத்துவார்.

"பாப்பா, கையை வச்சுக்கோ. நான் சொல்லாம விடாதே," என்று சொல்லிவிட்டு ஓடினான்.

படம் திரும்ப வந்தது. அவன் வரவில்லை. எனக்குப் பயம். விட்டுவிட்டேன். மெக்கானிக் மறுபடியும் தட்டினான். முன்பு தட்டிய அதே தட்டு.

அண்ணன் வந்து, "சரியா விட்டியா?" என்றான். "விட்டேன்," என்றேன்.

பட்டனை விடும்போது டேப்பில் ஒரு வெள்ளைக் கோடு விழும்.

மேனேஜர் கூப்பிட்ட வெள்ளிக்குப் பிறகு வந்த ஞாயிறு மதியம் அண்ணன் பழைய டேப் பிளேயரை ரிப்பேர் செய்து எடுத்து வந்திருந்தான். இத்தனை நாள் பிரதியைத்தான் பார்த்து வந்தோம். இரண்டாவது கடிதம் எழுதுமுன் அசலைப் பார்க்க வேண்டும் என்றான்.

"இந்தத் தடவை மன்னிப்பு வேணாம்," என்றார் கடைக்காரர். "வெட்டினவன் பேரு வேணும்."

"கையில கத்திரி வச்சிருந்தவன் யாரா இருந்தாலும் சரி," என்றார் பல் டாக்டர், "மயக்க ஊசி போடாம நாலு பல்லு எடுக்கறேன். ஃபீஸ் வேணாம்."

விளக்கை அணைத்தார்கள். டேப் ஓடும்போது யாரும் பேசக் கூடாது. மெக்கானிக் தட்டினான். தட்டினான். கோடு ஓடியது. தட்டினான்.

"அது நான்தான்," என்றேன்.

அண்ணன் நிறுத்தினான். "என்னது?"

சொன்னேன். பட்டன், விளம்பரம், அப்பா. வேலையைப் பற்றிச் சொல்லவில்லை. இருட்டில் யார் முகமும் தெரியவில்லை.

"ஒன்பது வயசுல நடந்தது எப்படிம்மா ஞாபகம் இருக்கும்?" பல் டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார்.

"இருக்கு."

"சரி, டேப்புல மூணு இருக்கு. நெகட்டிவ்ல ரெண்டுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கடைக்காரர். "பார்த்தீங்களா?"

பதில் என் வாயில் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே லேபில் போட்டுக் கொடுத்த என் கையெழுத்தும் இருந்தது.

"கண்ணாடியில அவன் மூச்சு படிஞ்சிருக்கு பாருங்க," என்றேன். "இடது ஓரத்துல, காது மாதிரி. ரெண்டாவது தட்டுலயும் மூணாவது தட்டுலயும் அதே காது. மூச்சு அப்படி ஒரே மாதிரி படியாது."

டேப்பைப் பின்னால் ஓட்டிப் பார்த்தார்கள். நான்கு முறை ஓட்டினார்கள். காது அங்கேயே இருந்தது.   நூல் தொண்டையைச் செருமினார்.

அண்ணன்தான் பேசினான். "டைரக்டர் ஒரே ஷாட்டை ரெண்டு தடவை போட்டிருக்கார். வேணும்னே."

"அதானே!" என்றார் நூல். "நேரம் நின்னுபோச்சுன்னு காட்டறதுக்கு."

"மூச்சும் நின்னுபோச்சுன்னு," என்றார் கடைக்காரர்.

பல் டாக்டர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். "பாவம், இத்தனை வருஷமா இதை மனசுல போட்டுக் குழப்பிட்டு இருந்திருக்கீங்க. சும்மா சொல்லக் கூடாது, நல்ல விஷயத்தைக் கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க."

மூச்சின் காதையும் கடிதத்தில் சேர்த்தார்கள். வெட்டப்பட்டதற்கு அது இன்னொரு சாட்சி.

மற்றவர்கள் போன பிறகு அண்ணன் ஷட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் குனிந்து வெளியே வந்தேன். அவன் உடனே இறக்கவில்லை.

"அப்பா அன்னைக்கு வாசல்லயே என்னைப் பிடிச்சு வச்சுக்கிட்டார்," என்றான். "செருப்பு ஏன் கலைஞ்சு கிடக்குன்னு கேட்டார். அதான் நேரமாயிடுச்சு."

"உனக்குத் தெரியுமா அண்ணா?"

"இன்னைக்குத்தான் தெரியும்." ஷட்டரின் அழுக்கு அவன் விரல்களில் ஒட்டியிருந்தது. "இனிமே யார்கிட்டயும் சொல்லாதே பாப்பா."

"அண்ணா, எனக்கு..."

"அவங்களுக்கு ஞாயித்துக்கிழமைக்கு வேற என்ன இருக்கு? எனக்குத்தான் என்ன இருக்கு?"

வேலையைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். ஷட்டர் இறங்கிவிட்டது. பூட்டைப் பூட்டி இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

திங்கட்கிழமை ஒரு வரிதான் எழுதினேன். மூல நெகட்டிவில் இரண்டு தட்டுகள் மட்டுமே உள்ளன. மேனேஜர் படித்துவிட்டுக் காகிதத்தை இரண்டாக மடித்தார்.

"மேல முடிவாயிடுச்சும்மா. மூணாவது தட்டு வரணும்."

"எங்கிருந்து சார்?"

"ரெண்டாவதையே எடுத்து இன்னொரு தடவை வைங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"அது மூலம் இல்லையே சார்."

"அட்டையில மூல வடிவம்னு போட்டாச்சு. அச்சுக்குப் போயிடுச்சு." மடித்த காகிதத்தை எடுத்து மேசையில் தட்டினார். "நீங்க வச்சுட்டீங்கன்னா இது ஃபைல்ல இருக்காது. வைக்கலைன்னா இருக்கும். எது வசதி?"

நாலாவது ரீலைத் திரும்பவும் திறந்தேன். என் அறைக்கு ஜன்னல் கிடையாது, தூசி வரும் என்பதால். இரண்டாவது தட்டு முடியும் இடத்தில் நிறுத்தினேன். தொண்ணூற்றாறு பிரேம் பின்னால் போனேன். பிரதி எடுத்து ஒட்டினேன். ஓட்டிப் பார்த்தால் கை குதித்தது. இரண்டு பிரேம் முன்னால் தள்ளினேன். அப்போதும் குதித்தது. ஒன்பது வயதில் ஒரு நொடியில் செய்ததைச் செய்ய எனக்கு அரை நாள் ஆனது. கடைசியில் எங்கே ஒட்டினேன் என்று எனக்கே தெரியாதபடி ஒட்டினேன். மேனேஜர் வந்து பார்த்தார். "இதுக்குத்தான் சொன்னேன், உங்க கை சுத்தம்னு," என்றார்.

மூன்று வாரம் கழித்துத் திருத்திய பதிப்பு வந்தது. கம்பெனியே ஒரு நன்றிக் கடிதத்துடன் கடை முகவரிக்கு அனுப்பியிருந்தது. கடைக்காரர் அதைச் சட்டம் போட்டுக் கண் பரிசோதனை அட்டைக்குப் பக்கத்தில் மாட்டினார். பல் டாக்டர் கிளினிக்கைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்தார். நான் முதலில் உள்ளே போய் உட்கார்ந்தேன். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஷட்டர் இறங்கியது.

மெக்கானிக் தட்டினான். தட்டினான். தட்டினான்.

கைதட்டல் வரவில்லை. நூல் தலையை முன்னால் நீட்டினார்.

"கோடு எங்க?"

"இன்னொரு தடவை போடுங்க," என்றார் கடைக்காரர்.

போட்டார்கள். தட்டு இருந்தது. கோடு இல்லை.

"தட்டைக் குடுத்துட்டு சிக்னலை எடுத்துட்டானுங்க!" நூல் எழுந்தே விட்டார். "எவ்வளவு நைஸா வேலை பண்ணியிருக்கான் பாருங்க. இவன் சாதாரண ஆள் இல்லைங்க."

"அதே ஆளாத்தான் இருக்கணும்," என்றார் பல் டாக்டர். அவர் பையிலிருந்து காகிதம் எடுத்துவிட்டார்.

 அண்ணன் நின்றுபோன படத்தில் கண்ணாடியின் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பி, மூன்று நாற்காலி தாண்டி, என் கைகளைப் பார்த்தான். கல்யாண வீடியோ என்று அவனிடம் நான் சொன்னது எத்தனை வருடத்துக்கு முன்பு என்று யோசிப்பது போல இருந்தது. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"பாப்பா," என்றான்.

"என்ன அண்ணா?"

"ஒண்ணும் இல்ல."

கடிதம் அரை மணி நேரத்தில் முடிந்தது. கேப்டன் முதல் கையெழுத்து. அவன் போட்டுவிட்டுக் கடைக்காரரிடம் கொடுத்தான். அவர் நூலிடம், நூல் பல் டாக்டரிடம். பேனா என்னிடம் வந்தது. அதற்குப் பிறகு சுவர்தான்.

"போடு பாப்பா," என்றான் அண்ணன்.

போட்டேன்.