பச்சைப் பெயின்ட் அடித்த எஞ்சின்

படகை விற்கப் போகிறேன் என்று அண்ணன் போனில் சொன்னபோது பாப்பா வாயைத் திறக்கவில்லை. சரி, ஒத்துக்கொண்டாள் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். நாற்பது வயதாகியும் அவனுக்கு அவள் பாப்பாதான். பாப்பாவிடம் போய் யார் அனுமதி கேட்பார்கள்?

அந்தப் பாய்மரப் படகை அப்பா இருவர் பேரிலும் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகு அண்ணன் அதில் ஏறியதெல்லாம் போட்டோ எடுக்கத்தான். காற்று விழுந்த நாட்களில் கரை சேர்க்கிற டீசல் எஞ்சினுக்கு ஆயில் மாற்றியதும், பெல்ட் மாட்டியதும், முழங்கையைச் சுட்டுக்கொண்டதும் அவள். படகை விட்டுக்கொடுக்கிற எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை.

அதை முகத்துக்கு நேரே சொல்லத்தான் இன்று துறைக்கு வந்தாள். வந்தால், வாங்க வந்த பல் டாக்டர் ஏற்கெனவே மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கிறார். கீழே அண்ணன் வியர்த்து வழிய சாவியைத் திருகித் திருகிப் பார்க்கிறான். எஞ்சின் கரகரவென்று சுற்றுகிறதே தவிர, பிடிக்க மாட்டேன் என்கிறது. கல்யாண வீடு மாதிரி அதற்குப் பளபளவென்று பச்சைப் பெயின்ட் வேறு.

"போதும்ணா. சாவியை எடு."

"இன்னும் நாலு தடவை அடிச்சா பிடிச்சிரும்."

"பிடிக்காது. செத்துரும்."

எஞ்சினைக் குளிர வைக்கிற கடல்தண்ணீர் ஒரு வால்வு வழியாக உள்ளே வந்து, புகை தள்ளத் தள்ள வெளியே போக வேண்டும். எஞ்சின் பிடிக்காமல் சும்மா சுற்றினால் தண்ணீர் மட்டும் வரும், தள்ளுவதற்குப் புகை இருக்காது. சைலன்சர் பெட்டி நிரம்பி, தண்ணீர் திரும்பி எஞ்சினுக்குள்ளேயே ஏறிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், அவன் அடித்துக்கொண்டே போனால் எஞ்சின் காலி. எஞ்சின் காலியானால் டாக்டர் வந்த வழியே போய்விடுவார், படகு அவளிடமே தங்கிவிடும். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அவளால் நிற்க முடியவில்லை. அண்ணனைத் தோளால் தள்ளிவிட்டுக் குனிந்து வால்வை மூடினாள். சாவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"விக்க விடக்கூடாதுன்னே வந்திருக்க," என்று பல்லைக் கடித்தான் அண்ணன். "மானத்தை வாங்காதே. குடு சாவியை."

"தர மாட்டேன். என்ன பண்ணின இதை?"

"ஒண்ணும் பண்ணல. பெயின்ட் அடிச்சேன். டீசல் ஃபில்டர் அழுக்கா, பார்க்க நல்லாயில்லாம இருந்துச்சு. புதுசு போட்டேன்."

"குழாய்ல இருந்து காத்தை எடுத்தியா?"

"எந்தக் காத்தை?"

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஃபில்டர் மாற்றும்போது டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுக்காவிட்டால் எஞ்சின் பிடிக்காது. சைலன்சர் பெட்டியின் அடித் திருகைக் கழற்றித் தேங்கிய தண்ணீரை வடித்தாள். ஃபில்டர் தலையில் இருந்த சின்ன ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினாள். நுரை நுரையாக வந்தது. நுரை நின்று வெறும் டீசல் வழிந்ததும் இறுக்கித் துடைத்தாள்.

சாவியைப் போட்டுத் திருப்பினாள். எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பிடித்த கையோடு வால்வைத் திறந்தாள். படகின் பின்பக்கம் போய், குழாய் புகையும் தண்ணீருமாக விட்டுவிட்டுத் துப்புவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அண்ணன் முகமெல்லாம் பல்லாக மேலே வந்தான். "பார்த்தீங்களா டாக்டர், எப்படி ஓடுது? எப்ப எழுதிக்கலாம்?"

"எழுத முடியாது," என்றாள் பாப்பா. "என் பாதி விக்கிறதுக்கு இல்ல."

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் நானே சொல்றேன்."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேச்சை லேசாக்க நினைத்தவர் போல, "அப்ப அண்ணனோட பாதியை மட்டும் வாங்கிக்கவா?" என்றார்.

"தாராளமா வாங்கிக்குங்க," என்றாள். "எஞ்சின் என் பாதியில இருக்கு."

கீழே இறங்கி எஞ்சினை நிறுத்தினாள். வால்வை மூடினாள். அண்ணன் நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டே சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.