வயிற்றுக்குள் இருந்த குட்டி

திங்கட்கிழமை காலை பூன் லே வட்டாரத்துப் பட்டறைக் கதவைத் திறந்ததும் கந்தக வாடை முகத்தில் அடித்தது. அனுப்ரியா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினாள்.

உள்ளே கரும்பாறைப் பலகையில் பதிந்து கிடந்தது கல்லாகிப்போன இக்தியோசர். டைனோசர்கள் தரையில் திரிந்த காலத்தில் கடலில் வாழ்ந்த ராட்சத ஊர்வன இனம். உடம்பு மீன் மாதிரி, மூஞ்சி முதலை மாதிரி. அதன் வயிற்றுக்குள் பிறக்காத குட்டி ஒன்று. கண்காட்சிக்காக அந்தக் குட்டியைக் கல்லிலிருந்து எடுக்கத்தான் அனுப்ரியா இரண்டு வருஷமாக ஊசிமுனையால் சுரண்டிக்கொண்டிருந்தாள். எலும்பில் ஊறிய கந்தகக் கனிமத்துக்கு ஈரக்காற்று ஆகாது. பட்டால் அந்த வாடையோடு பொங்கி எலும்பையே உடைத்துவிடும். அதனால் திரைக்குப் பின்னால் ஈரம் உறிஞ்சும் மெஷின் ராப்பகலாக ஓடும்.

இன்று ஓடவில்லை. அதன் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

"அண்ணே, இத ஏன் இன்னும் போடல?"

பட்டறைக்காரர் மாணிக்கம் எட்டிப் பார்த்தார். "ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும்தான நிறுத்துனோம். நீதான் பொட்டு வச்ச."

"விஜயதசமிக்கு நீங்கதான சுவிட்சு போட்டீங்க?"

"டிரில்லு, கம்ப்ரஸர் எல்லாம் போட்டேன். இது உன் மெஷின், நீ போட்டிருப்பேன்னு விட்டுட்டேன் லா."

"நீங்க போட்டிருப்பீங்கன்னு நான் ரெண்டு வார லீவுல வீட்டுக்குப் போயிட்டேண்ணே."

 அவள் பலகையை மூடியிருந்த துணியை விலக்கினாள். தாயின் விலா எலும்புகளில் வெள்ளை பூத்து, நீளநீளமாக விரிசல். குட்டி இருந்த இடத்தில் மஞ்சள் பொடி. மிச்சமிருந்த ஒரு முதுகெலும்பைத் தூரிகையால் தொட்டாள். உதிர்ந்துவிட்டது.

"பசை ஊத்திப் பாரேன்."

"எதுமேலண்ணே ஊத்துறது?"

மாணிக்கம் குரலைத் தாழ்த்தினார். "பிளாஸ்டர்ல செஞ்சு வச்சிருவோம். ஒவ்வொரு எலும்பும் உனக்கு மனப்பாடம். எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

"பொம்மைதான் வேணும்னா கடையில வாங்கியிருக்கலாமே."

போன் அடித்தது. கண்காட்சிக்கூடத்து ஃபஸீலா. "அக்கா, சாயங்காலம் ஆளுங்களோட வர்றேன். நம்ம குட்டி எப்படியிருக்கு?"

"வராத ஃபஸீலா. போயிருச்சு."

"எது?"

"குட்டி. பொடியாயிருச்சு. தாயும் தாங்காது."

 "வேற ஒண்ணு கெடைக்காதாக்கா?"

அனுப்ரியா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

மாணிக்கம் ஒரு தகர டப்பாவோடு வந்து பக்கத்தில் நின்றார். "அள்ளணுமா, அப்படியே விட்றலாமா?"

"தெரியலண்ணே" என்றாள்.