கீழே இருந்த கை

அடையாறில் ஆதிலின் புகைப்படக் கண்காட்சி தொடங்க இன்னும் சில நாட்கள் இருந்தன. அதற்குள் ஒருநாள் தன் கல்லூரித் தோழி ஷண்முகப்ரியாவை மட்டும் அந்தக் கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தான். சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த ஒரு சட்டத்தைக் காட்டினான்.

"உன்னைக் கேக்காம எடுத்தது. தப்புதான். வேண்டாம்னா நெகட்டிவையும் உங்கிட்டயே குடுத்துடறேன்."

திருப்பினான். கருப்பு வெள்ளைப் படம். முகம் இல்லை, இடம் இல்லை. இருட்டிலிருந்து நீண்ட இரண்டு கைகள் ஒரு எலும்புத் துண்டை ஏந்தியிருந்தன. எலும்பின் வளைவும் விரல் மூட்டுகளின் வளைவும் ஒன்றோடொன்று இழைந்து, எது எங்கே முடிகிறது என்று சட்டெனப் பிடிபடவில்லை. ரேகைகளில் சாம்பல் மெல்லிய கோடுகளாகப் படிந்திருந்தது. அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் அவை தன் கைகள் என்று தெரிந்தது.

போன வருஷம் பெசன்ட் நகர் மயானத்தில் அப்பாவின் எலும்பைப் பொறுக்கிக் கலயத்தில் போட்ட கைகள். அன்று ஆதிலும் கேமராவோடு கூட வந்திருந்தான். அவள் ஒரே பிள்ளை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று சித்தப்பா கருணாகரன் தடுத்துப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. ஆனால் கை அப்படி நடுங்கியது. எதையோ மண்ணில் சிந்திவிட்டோம் என்ற பயம் அன்றிலிருந்து அவளை விடவில்லை. அதைச் சித்தப்பா பார்த்துவிட்டார், அதனால்தான் சரியாகப் பேசுவதில்லை என்றும் நினைத்திருந்தாள்.

படத்தில் நடுக்கம் தெரியவில்லை. இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். அவள் கைகளுக்கு அடியில், பாதி இருட்டில், இன்னொரு உள்ளங்கை விரிந்திருந்தது. சுண்டுவிரலில் நகம் இல்லை. கடை ஷட்டரில் நசுங்கிய விரல்.

அங்கிருந்து நேரே தி. நகருக்குப் போனாள். ஜவுளிக்கடையில் சித்தப்பா புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார். செல்போனில் எடுத்து வந்த படத்தைக் காட்டினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"என் கைக்குக் கீழ உங்க கை இருந்திருக்கு, சித்தப்பா."

"நீ நடுங்கிட்டு இருந்தே. அண்ணன் கீழ விழுந்திரக் கூடாதுல்லா."

"ஒண்ணும் விழலையே?"

"ஒரு பொட்டு விழல."

அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்ட ஏன் அப்பவே சொல்லல?"

"நீ கோவமா இருக்கேன்னு நெனச்சேன். தடுத்தேன்லா." மறுபடியும் படத்தைப் பார்த்தார். "யாரு எடுத்தா? எலும்புன்னே தோணல. பூவ ஏந்துத மாதிரி இருக்கு."

"எங்கூடப் படிச்ச ஆதில். கண்காட்சியில மாட்டலாமான்னு கேக்கான்."

"மொகம் தெரியலல்லா? மாட்டச் சொல்லு."

ஒரு புடவையை மடித்து அடுக்கிவிட்டு, அந்தக் கூடத்துக்கு இங்கிருந்து எந்த பஸ் போகும் என்று கேட்டார்.