நான்காம் எலும்புக்குக் கீழே

"எவ்வளவு பொறுமையா சொல்றாரு தெரியுமா?"

"யாரு?"

"என் இடுப்பு வலிக்குப் பாக்கற பிசியோ சார்தான். ஸ்கேன்ல என்ன இருக்குன்னு ஒண்ணொண்ணா காட்டினாரு."

"காசு வாங்குறாருல்ல, காட்டத்தான் செய்வாரு."

"காசு வாங்குறவங்க எல்லாரும் காட்டிடுறாங்களா?"

போன வாரம் மனைவியோடு நடந்த இந்தப் பேச்சு, சோஃபாக்காரருக்குச் சோஃபா உறைக்கு ஸ்டேப்ளர் அடிக்கும்போதெல்லாம் காதில் கேட்டது. பட், பட் என்று ஆணி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு 'சார்'. சார் சொன்னார் குனியக் கூடாதாம். சார் சொன்னார் பயப்படவே வேண்டாமாம். முன்பெல்லாம் வீட்டில் அவர் பேச்சுத்தான் எடுபடும். இப்போது சாப்பாட்டு மேசையில் மூன்றாவது ஆளாகச் சாரும் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு நானும் வரேன்" என்றார்.

மனைவி கடை மூலையில் தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். காய்ச்சலுக்குக்கூடக் கடையைச் சாத்தாத மனுஷன்.

"கடையை யாரு பாத்துக்குவா?"

"கடை என்ன, காலு முளைச்சு ஓடிடுமா?"

சவரம் செய்து, தேய்த்த சட்டையும் போட்டு வந்தார்.

"என்னங்க, போட்டோ எடுக்கவா போறோம்?" என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

பிசியோவுக்குத் தலை நரைத்திருக்கும், தொப்பை இருக்கும் என்று அவர் மனசுக்குள் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். இரண்டும் இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தது போல் நிமிர்ந்த முதுகு. சோஃபாக்காரர் தன்னையறியாமல் வயிற்றை எக்கிக்கொண்டார்.

பிசியோ ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். "நீங்களும் வந்தது நல்லதாப் போச்சு சார். இங்க பாருங்க. இடுப்புல அஞ்சு எலும்பு, ஒண்ணு மேல ஒண்ணா. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு மெத்தை. இதுதான் நாலாவது எலும்பு. இதுக்குக் கீழ இருக்கற மெத்தை மட்டும் கொஞ்சம் பின்னாடி பிதுங்கியிருக்கு. ரெண்டு பலகைக்கு நடுவுல இருக்கற ஃபோம் மாதிரி."

ஃபோமா? சோஃபாக்காரருக்குச் சுருக்கென்றது. என் ஃபோமை எடுத்து, என் பெண்டாட்டிக்கே விளக்கம் சொல்கிறானா?

"என்ன டென்சிட்டி?" என்றார், கடையில் ஃபோமின் அடர்த்தி கேட்பது போல் குத்தலாக.

பிசியோ வாய்விட்டுச் சிரித்தார். "சொல்லிக் குடுத்ததே உங்க வீட்லதான் சார். ரிப்போர்ட்ல 'தேய்மானம்'னு படிச்சுட்டு அன்னிக்கு அழுதுட்டாங்க. வயசானா முடி நரைக்கிற மாதிரிதான், வலியே இல்லாத நிறையப் பேருக்கும் ஸ்கேன்ல இப்படித்தான் இருக்கும்னு சொன்னேன். கேக்கல. அப்புறம் அவங்களே கேட்டாங்க, 'ஃபோம் ஓரத்துல பிதுங்கினா சோஃபாவைத் தூக்கிப் போட வேணாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்வாரு, அது மாதிரியா சார்?'னு. இப்ப எல்லா பேஷன்ட்டுக்கும் அதையேதான் சொல்றேன்."

தன் பேச்சு இந்த அறை வரைக்கும் வந்திருக்கிறது. அதில் நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். அவருக்கோ ஒரு வார்த்தைதான் மாட்டிக்கொண்டு நின்றது. அழுதாளா? இவன் முன்னாலா?

"நரம்பை அழுத்தலையா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல. நரம்பு போற வழி தாராளமா இருக்கு. ஆபரேஷன் பேச்சே வேணாம். நடக்கணும், நான் சொல்ற பயிற்சியைச் செய்யணும், ஒரே இடத்துல ரொம்ப நேரம் உட்காரக் கூடாது." பிசியோ அவளிடம் திரும்பினார். "மெஷின்ல எதுமேல உட்கார்றீங்க?"

"ஸ்டூல்லதான்."

"முதுகு சாய?"

அவள் கணவனைப் பார்த்தாள். சோஃபாக்காரர் தன் செருப்பைப் பார்த்தார்.

"நல்ல நாற்காலி விக்கிற கடை ஒண்ணு எனக்குத் தெரியும், வேணும்னா..."

"கடையெல்லாம் வேணாம்" என்று வெடுக்கென்று எழுந்தார்.

திரும்பும் வழியெல்லாம் அவர் இரண்டடி முன்னால் நடந்தார். பிறகு அவளுக்காக நின்றார்.

"அவர் முன்னாடி அழுதியாமே."

"வந்துச்சு, அழுதேன். டோக்கன் வாங்கிட்டா வரும் அழுகை?"

"என்கிட்ட அழுதிருக்கலாம்ல."

"ரிப்போர்ட்டை எடுத்துட்டு முதல்ல உங்ககிட்டதான் வந்தேன். 'நூல் கண்டு எங்க'ன்னு கேட்டீங்க. அந்த ஸ்டேப்ளர் சத்தத்துல எங்கேர்ந்து அழறது?"

அவர் சட்டைப் பையில் கடைச் சாவியைத் தேடினார்.

கடைக் கதவைத் திறந்தார்கள். உள்ளே வரிசையாகச் சாய்வு நாற்காலிகளும் சோஃபாக்களும் நின்றன. கைப்பிடி வைத்தவை, தலை சாய்க்கத் தனி மெத்தை வைத்தவை. எல்லாவற்றின் உறையும் அவள் தைத்தது. எல்லாமே யார் யாரோ வந்து உட்காருவதற்கு. அவள் பழக்க தோஷத்தில் நேராக மூலைக்குப் போய், மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலை இழுத்தாள்.

"இரு." அவர் ஸ்டூலைக் காலால் ஓரம் தள்ளினார். "ஏதாவது வேணும்னா என்கிட்ட கேளு. அவர்கிட்ட கேக்காத."

"வேணும்னு அவர்கிட்ட நான் எதையும் கேக்கலையே."

"அப்ப என்கிட்ட கேளேன்."

கடை திறந்த நாளிலிருந்து கேட்க நினைத்தது ஒன்று அவள் நாக்கு நுனியில் இருந்தது. கேட்க வாயெடுக்கும் போதெல்லாம் யாராவது ஆர்டரோடு வந்து நின்றார்கள். அவர் ஸ்டேப்ளரை எடுத்து மேசைக்குள் வைத்து இழுப்பறையைச் சாத்தினார். கடை அமைதியாயிற்று.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு நாற்காலி செஞ்சு குடுங்க. முதுகு சாயற மாதிரி, என் அளவுக்கு. ஆர்டரெல்லாம் முடிஞ்சப்புறம் இல்ல. இப்ப."